நண்பரிடம் மனம்விட்டுப் பேசினால் அறிவுரைதான் வருகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை முடிந்து காப்பிக்கடையில் உட்காரும்போதும், ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர்த் தேக்காவில் சந்திக்கும்போதும், ராத்திரி வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பும்போதும் நாம் அதிகம் செய்வது புலம்பல்தான். பதிலுக்கு அதிகம் கிடைப்பது அறிவுரை. இதனால் வரும் மனக்கசப்பைப் பற்றி நண்பர்களும் உடன் வேலை செய்பவர்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மனநல மருத்துவர் இல்லை. படித்ததையும் பார்த்ததையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

புலம்பினால் மனபாரம் குறையும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. பெல்ஜியத்தைச் சேர்ந்த உளவியலாளர் பெர்னார்ட் ரிமே இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். மனதைப் பாதித்த பெரும்பாலானவற்றை மனிதர்கள் யாரிடமாவது சொல்லிவிடுகிறார்கள் என்று கண்டார். சொன்னவர்களில் பெரும்பாலோர் அது உதவியது என்றே நம்பினார்கள். ஆனால் சொன்னதால் மட்டும் அந்த வருத்தம் சீக்கிரம் ஆறிவிடவில்லை. அப்படியானால் கிடைத்தது என்ன? தனியாக இல்லை என்ற உணர்வு, நம்மை ஒருவர் புரிந்துகொண்டார் என்ற ஆறுதல், சொன்னவருக்கும் கேட்டவருக்கும் இடையே கொஞ்சம் கூடுதல் நெருக்கம். இது சின்ன விஷயம் இல்லை. காயம் ஆறுவது வேறு, அது ஆறும்வரை பக்கத்தில் ஆள் இருப்பது வேறு.

கோபத்தின் கதை தனி. "உள்ளே வைத்திருக்காதே, கொட்டிவிடு" என்று சொல்பவர்கள் மனசைப் பிரஷர் குக்கர் மாதிரி நினைக்கிறார்கள். 2024இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 154 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அவற்றில் பங்கெடுத்தவர்கள் 10,189 பேர். உடம்பின் படபடப்பைக் குறைக்கும் மூச்சுப்பயிற்சி, தியானம் போன்றவை கோபத்தைத் தணித்தன. படபடப்பைக் கூட்டும் செயல்கள் மொத்தத்தில் தணிக்கவில்லை. மெதுவோட்டம்கூடக் கோபத்தைக் கூட்டவே பார்த்தது. எனவே மேலாளர் மீது கொதித்துக்கொண்டிருக்கும்போது அதே கொதிப்போடு ஒரு மணி நேரம் அவரைத் திட்டித் தீர்த்தால், வீடு போய்ச் சேரும்போது கோபம் குறைந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதலில் கொஞ்சம் ஆறுங்கள், அப்புறம் பேசுங்கள்.

நான் பேசி முடிப்பதற்குள் தீர்வு சொல்லிவிடுகிறார்களே, ஏன்?

கேட்பவருக்கு உங்கள் கஷ்டத்தோடு சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதுதான் காரணம் என்பது என் கருத்து. எதுவும் செய்ய முடியாமல் இன்னொருவர் கலங்குவதைப் பார்ப்பது கஷ்டம். ஒரு யோசனை சொல்லிவிட்டால் தன் பங்கைச் செய்துவிட்ட நிம்மதி கிடைக்கிறது. யோசிக்காமல் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் சொல்பவரின் சங்கடத்தைத்தான் தீர்க்கிறது.

சிங்கப்பூரில் இதற்கு இன்னொரு வசதியும் உண்டு. எந்தப் பிரச்சினையைச் சொன்னாலும் அதற்கென்று ஓர் அலுவலகம், ஒரு படிவம், ஒரு தொலைபேசி எண் இருக்கிறது. வேலையில் தொல்லையா, மனிதவள அமைச்சுக்கு எழுது. மின்தூக்கி பழுதா, நகர மன்றத்தைக் கூப்பிடு. எதுவும் நடக்கவில்லையா, நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போ. பிள்ளையின் மதிப்பெண் குறைவா, துணைப்பாட வகுப்பில் சேர். வாழ்க்கை இவ்வளவு ஒழுங்காக இருக்கும் ஊரில், ஒழுங்குக்கு அடங்காத வருத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கம் குறைந்துதான் போகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தோழி வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார், கைக்குழந்தை. மேல்மாடியில் நள்ளிரவு தாண்டியும் நாற்காலி இழுக்கும் சத்தம். அவர் இதைச் சொல்லத் தொடங்கினால் போதும், "வீவகவில் புகார் கொடுத்தியா?", "சமூக சமரச நிலையம்னு ஒண்ணு இருக்கே, தெரியாதா?" என்று வரிசையாக வரும். அந்த நிலையம் 1998 முதல் இருக்கிறது, அவருக்கும் தெரியும். மேல்வீட்டுக்காரரிடம் அவரே நேரில் போய்ப் பேசியும் பார்த்துவிட்டார். அன்று அவருக்கு வேண்டியிருந்தது, "மூணு ராத்திரியா தூங்கலையா? எப்படித்தான் வேலைக்குப் போறே?" என்ற ஒரு கேள்வி. அதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நல்ல எண்ணத்தில் சொல்கிறார்கள். ஆனாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. தப்பு என் மேலா?

தப்பு என்று எதையும் சொல்ல வேண்டியதில்லை. தன் முடிவெடுக்கும் உரிமையை யாரோ பறிக்கிறார்கள் என்று தோன்றினால், சொன்ன யோசனை நல்லதாகவே இருந்தாலும் மனம் எதிர்த்து நிற்கும். ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார். "இதைச் செய்" என்ற வார்த்தைக்குள் "இதுகூட உனக்குத் தோணலையா" என்ற தொனி ஒளிந்திருக்கிறது. சொல்பவர் அப்படி நினைக்காவிட்டாலும் கேட்பவர் காதில் அதுதான் விழுகிறது.

இதில் எனக்குப் பிடித்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. நயால் போல்கரும் அவருடைய சகாக்களும், நியூயார்க் வழக்கறிஞர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களின் துணைவர்களையும் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள். துணைவர் உதவினார் என்று தேர்வு எழுதுபவர் உணர்ந்த நாட்களில் அவருடைய மனச்சோர்வு கூடியிருந்தது. துணைவர் உதவியதாக எழுதி, தேர்வு எழுதுபவர் அதைக் கவனிக்காமலேயே போன நாட்களில்தான் நன்மை தெரிந்தது. அதாவது சத்தமில்லாமல் பாத்திரம் கழுவி வைத்தவர், உட்காரவைத்து உற்சாகப்படுத்தியவரைவிட அதிகம் உதவியிருக்கிறார். நம் வீடுகளில் மாமியார் ஒன்றும் பேசாமல் ரசம் வைத்துக் கொண்டுவந்து வைப்பாரே, அந்த ரகம்.

அறிவுரை வேண்டாம் என்பதை நண்பர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

பேச்சுக்கு நடுவில் சொன்னால் வெட்டுவதுபோல் இருக்கும். தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். "மச்சான், ஒரு பத்து நிமிஷம் புலம்பணும். தீர்வெல்லாம் வேணாம், கேட்டா போதும்." பெரும்பாலான நண்பர்களுக்கு இது நிம்மதிதான். தாங்கள் ஏதாவது கண்டுபிடித்துச் சொல்லியாக வேண்டும் என்ற கவலை அவர்களுக்கு இல்லாமல் போகிறது. பத்து நிமிடம் என்று எல்லை வைப்பதும் நல்லது, எதிரே இருப்பவர் கடைசி ரயிலைப் பற்றி யோசிக்காமல் கேட்பார்.

தொடக்கத்தில் சொல்ல மறந்து, அறிவுரை ஏற்கெனவே வந்துவிட்டதா? "நீ சொல்றது சரியா இருக்கலாம்டா, நாளைக்கு யோசிக்கிறேன். இன்னிக்கு மனசு அதுல நிக்கல." விவாதத்துக்கு மட்டும் போகாதீர்கள். அந்த யோசனை ஏன் நடக்காது என்று விளக்கத் தொடங்கினால், அவர் அடுத்த யோசனைக்குத் தாவுவார். நீங்கள் அதையும் மறுப்பீர்கள். அரை மணி நேரத்தில் பேச்சு உங்கள் கஷ்டத்தைவிட்டு, நீங்கள் ஏன் எதற்கும் ஒத்துவராத ஆள் என்பதற்குப் போய்விடும்.

எதிர்பார்ப்பை ஆளுக்கேற்ப வையுங்கள். கேட்கத் தெரிந்தவரிடம் புலம்புங்கள், வழி தெரிந்தவரிடம் வழி கேளுங்கள். ஒரே ஆள் இரண்டுமாக இருக்க வேண்டும் என்பது பேராசை.

பெரியம்மா, மாமா என்று பெரியவர்கள் சொல்லும்போது?

அவர்களிடம் "கேட்டால் போதும்" என்று நிபந்தனை போட முடியாது. "சரிங்க பெரியம்மா, பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பக்கம் பேச்சைத் திருப்புங்கள். அறிவுரை சொல்வது அவர்கள் பாசம் காட்டும் முறை. கேட்டுக்கொள்வதால் ஒப்புக்கொண்டதாக ஆகாது. ஆனால் கல்யாணம், குழந்தை பற்றி ஒவ்வொரு தீபாவளிக்கும் அதே கேள்வி வந்து உங்களை உண்மையிலேயே புண்படுத்தினால், கூட்டத்தில் சொல்லாதீர்கள். தனியாக ஒருமுறை, "இதைக் கேட்டா எனக்கு அழுகை வருது மாமா" என்று சொல்லிப் பாருங்கள். நான் பார்த்தவரை, தர்க்கத்துக்கு அசையாதவர்கள் இதற்கு அசைகிறார்கள்.

"இடித்துச் சொல்வதுதான் நட்பு" என்று என் நண்பர் குறளையே காட்டுகிறார். என்ன பதில் சொல்வது?

அவர் காட்டுவது 784ஆம் குறள்: "நகுதற் பொருட்டன்று நட்டல் மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு." குறளை முழுக்கப் படிக்கச் சொல்லுங்கள். நண்பன் எல்லை மீறிப் போகும்போது முன்வந்து கண்டிக்கச் சொல்கிறார் வள்ளுவர். சூதாட்டக்கூடத்தில் சம்பளத்தைத் தொலைப்பவனை இடித்துரைக்கலாம், குடித்துவிட்டு வண்டி எடுப்பவனை இடித்தே ஆக வேண்டும். பிள்ளையின் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) முடிவைப் பார்த்து மனம் சோர்ந்திருக்கும் தாய் எந்த எல்லையை மீறினார்? அதே அதிகாரத்தில் நான்கு குறள் தள்ளி, உடை நழுவும்போது கை தானாகப் போய்ப் பிடிப்பதைப்போல் நண்பனின் துன்பத்தைக் களைவதும் நட்பு என்று வருகிறது. அந்தக் கை பிரசங்கம் எதுவும் செய்வதில்லை.

வாட்ஸ்அப் குழுவில் புலம்பலாமா?

வேண்டாம். இருபது பேர் இருக்கும் குழுவில் ஒருவர் கட்டைவிரல் காட்டுவார், மூன்று பேர் அறிவுரை சொல்வார்கள், ஒருவர் ஒரு தன்னம்பிக்கைக் காணொளியை அனுப்புவார். எழுத்தில் உங்கள் குரலின் நடுக்கம் தெரியாது. அலுவலகத்தைப் பற்றியோ முதலாளியைப் பற்றியோ எழுதியது படமாக எடுக்கப்பட்டு எங்கே போகும் என்பதும் தெரியாது. இது சின்ன ஊர், அதிலும் தமிழர் வட்டம் இன்னும் சின்னது. ஒருவரைத் தனியாகக் கூப்பிடுங்கள்.

நான் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறேன். என்ன சொன்னாலும் "கம்பெனி மாத்து", "ஊருக்குத் திரும்பிடு" என்கிறார்கள். அவர்களிடம் என்ன பேசுவது?

இது நியாயமான கோபம். இங்கே வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் நினைத்த நேரத்தில் முதலாளியை மாற்ற முடியாது, அதற்கு விதிகள் இருக்கின்றன. ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் ஊரில் நிற்கும்போது "திரும்பிடு" என்பதற்கு அர்த்தமே இல்லை. இப்படிச் சொல்பவர்களில் பலர் நிரந்தரவாசிகளாகவோ குடிமக்களாகவோ இருப்பார்கள். வேலையை விட்டால் அவர்கள் வேறு வேலை தேடலாம், உங்களுக்கு வேலை போனால் அனுமதியும் போய்விடும். இந்த வேறுபாடு அவர்கள் மனதில் உறைப்பதில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, உங்கள் இடத்தில் நின்று பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

உங்கள் நிலையில் இருக்கும் இன்னொருவரிடம் பேசுவதுதான் பெரும்பாலும் ஆறுதல் தரும். தங்குவிடுதியில் பக்கத்துக் கட்டில்காரருக்கு விளக்கவுரை தேவைப்படாது. "ஓவர்டைம் இல்லண்ணே இந்த மாசம்" என்றாலே மீதியெல்லாம் அவருக்குப் புரிந்துவிடும். ஊரில் இருக்கும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லாமல் இருப்பதில் குற்றவுணர்ச்சி வேண்டாம். அவரும் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்வதில்லை.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். சம்பளம் வரவில்லை, அடிபட்டும் மருத்துவமனைக்கு அனுப்பவில்லை, கடப்பிதழைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றால் அது புலம்பி ஆற்றிக்கொள்ளும் விஷயம் இல்லை. வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர உதவி எண் 6536 2692. நண்பர் இந்த எண்ணைக் கொடுத்தால் அதை வேண்டாத அறிவுரையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே விஷயத்தை எத்தனை தடவை புலம்பலாம்?

கேட்பவர் முகத்தைப் பாருங்கள், பதில் தெரியும்.

கொஞ்சம் விரிவாகச் சொல்வதானால், அமெரிக்க உளவியலாளர் அமாண்டா ரோஸ் 2002இல் பள்ளிப் பிள்ளைகளின் நட்பை ஆராய்ந்தார். பிரச்சினைகளையே திரும்பத் திரும்பச் சேர்ந்து அலசும் தோழமையில் நெருக்கம் அதிகமாக இருந்தது. கூடவே பதற்றமும் மனச்சோர்வும் அதிகமாக இருந்தன. பெரியவர்களிடமும் நான் இதைப் பார்க்கிறேன். இரண்டு பேர் அதே மேலாளரைப் பற்றி ஒவ்வொரு மதிய உணவிலும் பேசுகிறார்கள், பேசும்போது நன்றாகத்தான் இருக்கிறது, இருக்கைக்குத் திரும்பும்போது வேலை இன்னும் கசக்கிறது.

புதிதாக ஒன்று நடந்திருந்தாலோ, பழைய விஷயத்தை வேறு கோணத்தில் பார்க்கத் தொடங்கியிருந்தாலோ பேசுவதில் பயன் உண்டு. அதே வாக்கியங்கள் அதே வரிசையில் வந்தால், நண்பர் பொறுமையிழந்து அறிவுரை சொல்வதை முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. ஆறு மாதமாகக் கேட்டவருக்கு ஒரு கருத்துச் சொல்லும் உரிமை வந்துவிடுகிறது. நீங்களும் எப்போதாவது "உனக்கு எப்படிப் போகுது?" என்று கேட்டு, பதிலையும் கேட்டிருக்க வேண்டும்.

நான்தான் அந்த அறிவுரை சொல்லும் ஆள். வாயை அடக்க முடியவில்லை.

அடக்க வேண்டாம், அனுமதி கேளுங்கள். "எனக்கு ஒண்ணு தோணுது, சொல்லட்டுமா, இல்ல சும்மா கேட்கவா?" என்ற ஒரு கேள்வி போதும். போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் ஆலோசகர்களுக்குக்கூட, யோசனை சொல்லும் முன் அனுமதி கேட்கப் பயிற்சி தருகிறார்கள். உயிர் போகும் பழக்கத்துக்கே அந்த மரியாதை உண்டென்றால், நண்பனின் அலுவலகச் சண்டைக்கு ஏன் கூடாது?

அப்புறம், "எனக்கும் இப்படித்தான்" என்று உங்கள் கதைக்குத் தாவாதீர்கள். அறிவுரையைவிட இது மோசம் என்பேன். அறிவுரையிலாவது பேச்சு அவரைப் பற்றியே இருக்கிறது. "இதுவும் கடந்து போகும்", "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர்" ஆகிய இரண்டையும் ஒரு மாதம் சொல்லாமல் இருந்து பாருங்கள். பதிலுக்கு என்னதான் சொல்வது என்று கேட்டால், நடந்ததைப் பற்றியே இன்னொரு கேள்வி கேளுங்கள். "அவர் அப்படிச் சொன்னப்ப நீ என்ன செஞ்சே?" கதை முழுதாக வரும். பல சமயம் கதை முடியும் இடத்தில் அவரே வழியையும் சொல்லிவிடுவார்.

கேட்காமலே அறிவுரை சொல்லியே ஆக வேண்டிய நேரம் உண்டா?

உண்டு. வீட்டில் அடிதடி என்றால் தேசிய வன்முறைத் தடுப்பு உதவி எண் 1800 777 0000. யாரோ வங்கி அதிகாரி என்று சொல்லிப் பணம் அனுப்பச் சொல்கிறார் என்றால் உடனே தடுத்து நிறுத்தி, ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐ அழைக்கச் சொல்லுங்கள். இங்கே நாகரிகம் பார்க்கக் கூடாது.

"இருந்து என்ன பயன்", "நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதி" என்று ஒருவர் சொன்னால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் 1767 எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. மனநலக் கழகத்தின் 6389 2222 எண்ணும் அப்படியே. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று இன்னும் பலர் பயந்து மறைக்கிறார்கள். 2020 ஜனவரி 1 முதல் தற்கொலை முயற்சி சிங்கப்பூரில் குற்றம் அல்ல. எண்ணைக் கொடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள், அவர் பேசும்வரை கூடவே இருங்கள்.

எனக்குச் சொல்லிக்கொள்ள யாருமே இல்லை.

எழுதிப் பாருங்கள். ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்களை உலுக்கிய சம்பவத்தைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதிய உடனே மனம் இன்னும் கனத்தது. ஆனால் நடந்ததையும் அது ஏற்படுத்திய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவரைப் பார்க்கப் போனது குறைந்தது. இலக்கணம் பார்க்க வேண்டாம், எழுதியதை வைத்திருக்கவும் வேண்டாம். தாள் அறிவுரை சொல்லாது என்பது கூடுதல் லாபம். மனிதர்தான் வேண்டும் என்றால், வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்துக்கோ பீட்டி சாலையில் உள்ள சிண்டாவுக்கோ (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) போய்ப் பேசலாம்.

இந்தப் பக்கத்தை என் நண்பருக்கு அனுப்பட்டுமா?

அவர் கேட்டாரா?

நண்பர் சொன்ன, எனக்குப் பிடிக்காத அறிவுரை பிறகு சரியாகிவிட்டால்?

எடுத்துக்கொள்ளுங்கள். சொன்ன விதம் பிடிக்கவில்லை என்பதற்காக நல்ல யோசனையைத் தள்ளிவைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். அவரிடம், "நீ சொன்னதைத்தான் செஞ்சேன், வேலை செஞ்சுது. ஆனா அன்னிக்கு எனக்கு அது வேண்டியிருக்கல" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லலாம். முதல் பாதியில் அவர் குளிர்ந்துபோவதால், இரண்டாம் பாதியும் காதில் விழ வாய்ப்பு உண்டு. "நான்தான் அப்பவே சொன்னேனே" என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும், அன்றைய தே தாரிக்குக்கு அவரையே காசு கொடுக்கச் சொல்லுங்கள்.